சொல்லும் வாக்கியமும் எவ்வளவு நீளம்? பத்திரிகைகளை எண்ணிப் பார்க்க ஒரு வழிகாட்டி

தினத்தந்தி எளிது, தினமணி கடினம் என்று பேசப்படாத தமிழ் வகுப்பு இருக்க முடியாது. எதனால் எளிது? வாக்கியம் சின்னதாக இருப்பதாலா, சொல் சின்னதாக இருப்பதாலா, பழகிய சொல்லாக இருப்பதாலா? கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். ஒரு நோட்டும் பென்சிலும் இருந்தால் வாதம் செய்ய வேண்டியதில்லை, எண்ணிப் பார்த்துவிடலாம். இளங்கலை ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடுகிற மாணவருக்கும், பத்திரிகைத் தமிழில் ஆர்வம் உள்ள எவருக்கும் இந்த வேலை ஒத்துவரும். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், அதாவது சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னும் வசதி. தமிழ்ப் பத்திரிகையும் மலையாளப் பத்திரிகையும் ஒரே மேசையில் கிடக்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆங்கிலப் பத்திரிகைகளை அளப்பதற்கென்று உண்டான முறையை அப்படியே தமிழுக்கு எடுத்துவந்தால் கணக்கு கெட்டுவிடும். தமிழில் சொல்லின் நீளம் என்று நாம் எண்ணுவதில் பெரும்பங்கு, துணையாசிரியர் எங்கே இடைவெளி விட்டார் என்பதுதான். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் பொறுமை மட்டுமே.

பத்திரிகைகளைத் தேர்வது

குறைந்தது மூன்று வகைப் பத்திரிகை வேண்டும். எழுத்துக்கூட்டிப் படிப்பவரையும் மனதில் வைத்து எழுதும் வெகுசனப் பத்திரிகை ஒன்று. கட்டுரைக்கும் தலையங்கத்துக்கும் மதிப்புக் கொடுக்கும் பத்திரிகை ஒன்று. மாலைப் பத்திரிகை ஒன்று. பத்திரிகைகள் பிறந்த கதை அவற்றின் நடையிலும் தெரியும் என்பதால் அதையும் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. தினமணி 1934இல் தொடங்கியது. முதல் ஆசிரியர் டி.எஸ். சொக்கலிங்கம். தினத்தந்தியை சி.பா. ஆதித்தனார் 1942இல் மதுரையில் தொடங்கினார். டீக்கடையில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்டுப் புரிந்துகொள்ளும்படியான நடை அதற்கு வாய்த்தது. தினமலர் 1951இல் திருவனந்தபுரத்தில் பிறந்து, 1957இல் திருநெல்வேலிக்கு இடம் மாறியது. தமிழ்நாட்டுக்கு வெளியே பிறந்த பத்திரிகை என்பதை இந்தப் பக்கத்து ஆட்கள் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்ளலாம். இந்து தமிழ் 2013இல் வந்தது. மலையாளத்தில் 1890 முதல் வெளிவரும் மலையாள மனோரமாவும், 1923இல் கோழிக்கோட்டில் தொடங்கிய மாத்ருபூமியும் போதும்.

காசு கொடுத்து எல்லாவற்றையும் வாங்க வேண்டாம். 1945இல் பி.என். பணிக்கர் அம்பலப்புழையில் தொடங்கிவைத்த நூலக இயக்கத்தின் பயனாகக் கேரளத்தில் பெரும்பாலான ஊர்களில் ஒரு வாசகசாலை உண்டு. அங்கே போய் நூலகரிடம் விவரம் சொல்லி, ஒரு வாரத்துப் பத்திரிகைகளைத் தனியாக எடுத்துவைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மாதக் கடைசியில் எடைக்குப் போய்விடும். பக்கங்களைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்வதும் நல்லதுதான். ஆனால் முதல் பக்கம், நாள், பதிப்பு மூன்றும் படத்தில் விழ வேண்டும். இந்தப் பக்கம் வருவது பெரும்பாலும் கோவைப் பதிப்பு. அதே பத்திரிகையின் நெல்லைப் பதிப்பில் மாவட்டச் செய்திகள் வேறாக இருக்கும். வேறு ஊர் நண்பர் எண்ணிய கணக்கோடு ஒப்பிடும்போது இது நினைவில் இருக்கட்டும்.

இணையத்தில் இருந்து வெட்டி ஒட்டலாமே என்று தோன்றும். செய்யலாம், ஆனால் அச்சில் வந்த செய்தியும் இணையத்தில் வந்த செய்தியும் ஒன்றல்ல. பத்தி அகலத்துக்கும் விளம்பரத்துக்கும் ஏற்ப அச்சில் வெட்டுவார்கள். இரண்டையும் கலக்காமல், ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்தச் செய்தியை எண்ணுவது

ஒரு பத்திரிகையின் தலையங்கத்தையும் இன்னொன்றின் திருட்டுச் செய்தியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் பத்திரிகைகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. தலையங்கமும் திருட்டும் வேறு என்பதுதான் தெரியும். ஒரே நாளில், ஒரே நிகழ்ச்சியை எல்லாரும் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். எல்லையோரத்தில் அதற்கு ஏற்ற செய்தி தண்ணீர். பரம்பிக்குளம்–ஆழியாறு நீர் குறித்து இரு மாநிலங்களுக்கும் 1970இல் கையெழுத்தான ஒப்பந்தம் இருக்கிறது. தண்ணீர் குறைந்தாலும் திறந்துவிட்டாலும் கோவையிலும் செய்தி, பாலக்காட்டிலும் செய்தி. ஒரே சம்பவம், இரண்டு மொழி, நான்கைந்து பத்திரிகை. இதைவிட நல்ல சரக்கு கிடைக்காது.

அதோடு வகைக்கு ஒன்றாகக் குற்றச் செய்தி, விளையாட்டு, தலையங்கம் ஆகியவற்றையும் எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு வகையிலும் பத்திரிகைக்கு முப்பது வாக்கியமாவது வேண்டும். அதையும் ஒரே நாளில் எடுக்காமல் வாரம் முழுக்கப் பரப்பி எடுங்கள். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் நடை வேறு.

தலைப்பு, ஊர்ப் பெயரோடு தொடங்கும் தேதி வரி, படக் குறிப்பு, பெட்டிச் செய்தி, டெண்டர் அறிவிப்பு ஆகியவற்றைத் தள்ளிவிடுங்கள். தலைப்புகளை எண்ண ஆசையாக இருந்தால் தனியாக எண்ணுங்கள். 'கைது', 'பலி' என்று பெயரில் முடிந்து, வினைமுற்றே இல்லாத அவற்றைச் செய்தி வாக்கியத்தோடு சேர்த்தால் சராசரி செயற்கையாகக் குறையும்.

சொல் எங்கே முடிகிறது

வேலையில் மிகவும் சிக்கலான இடம் இது. நானே எழுதிய ஒரு வாக்கியத்தைப் பாருங்கள்.

ஆழியாற்றில் இருந்து திறந்து விடப்பட்ட தண்ணீர் நேற்று இரவு மூலத்தறைக்கு வந்து சேர்ந்தது.

இதில் பத்துச் சொற்கள், 45 எழுத்துகள். சொல்லுக்குச் சராசரி 4.5 எழுத்து. அதே வாக்கியத்தை இன்னொரு பத்திரிகையின் செய்தி மேசையில் இப்படித் திருத்துவார்கள்:

ஆழியாற்றிலிருந்து திறந்துவிடப்பட்ட தண்ணீர் நேற்றிரவு மூலத்தறைக்கு வந்துசேர்ந்தது.

இப்போது ஆறே சொற்கள், 43 எழுத்துகள். சராசரி 7.2 எழுத்துக்குப் போய்விட்டது. செய்தி மாறவில்லை, சொற்கள் மாறவில்லை, படிப்பவருக்குக் கஷ்டமும் பெரிதாகக் கூடவில்லை. ஆனால் கணக்கை மட்டும் பார்த்தால் இரண்டாவது ஏதோ பண்டிதர் நடை போலத் தெரியும். அதே சமயம் வாக்கியத்துக்கு எத்தனை சொல் என்ற எண் பத்தில் இருந்து ஆறாகக் குறைந்து, இரண்டாவதை எளிய நடையாகக் காட்டும். ஒரே வாக்கியம் ஒரு கணக்கில் கடினமாகவும் இன்னொரு கணக்கில் எளிதாகவும் வந்து நிற்கிறது!

இதற்கு இரண்டு வழி இருக்கின்றன. பத்திரிகையில் அச்சானபடியே இடைவெளிக்கு இடைவெளி எண்ணுவது ஒன்று. 'இருந்து', 'கொண்டு', 'விட்டு', 'உள்ள', 'என்று' போன்றவை ஒட்டி வந்தாலும் பிரித்து, எல்லாப் பத்திரிகைக்கும் ஒரே விதியாக எண்ணுவது இன்னொன்று. முதல் வழி பத்திரிகையின் அச்சு வழக்கத்தைக் காட்டும். இரண்டாவது வழி நடையைக் காட்டும். ஒப்பீடு செய்ய எனக்கு இரண்டாவதுதான் சரி என்று படுகிறது. எதை எடுத்தாலும் விதியை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்துவிட்டுத் தொடங்குங்கள். பாதியில் மனம் மாறினால் மொத்தமும் திரும்ப எண்ண வேண்டும்.

இந்த இரண்டைவிடவும் நம்பகமான ஓர் அளவு இருக்கிறது. மேலே இருக்கும் எண்களைத் திரும்பப் பாருங்கள்: 45, 43. வாக்கியத்துக்கு எத்தனை எழுத்து என்று எண்ணினால் இடைவெளிப் பழக்கம் அதை அவ்வளவாக அசைக்காது. தமிழ்ப் பத்திரிகைகளை ஒப்பிடும்போது இதைத்தான் முதல் எண்ணாக வைத்துக்கொள்ள வேண்டும்.

பத்தி ஓரத்தில் சொல் உடைந்து அடுத்த வரிக்குப் போயிருந்தால் அது ஒரே சொல்தான். 'முதல்-அமைச்சர்' என்று நடுவில் கோடு போட்டு அச்சிடுவதும் உண்டு. அதை ஒன்றாக வைப்பதா இரண்டாக வைப்பதா என்பதையும் விதியில் சேர்த்துவிடுங்கள்.

எழுத்தை எண்ணுவது

கையால் எண்ணுபவருக்கு இதில் சிரமமே இல்லை. இரண்டாம் வகுப்பில் படித்தபடி உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் எல்லாம் தலைக்கு ஒன்று. 'கொழிஞ்சாம்பாறை' என்றால் கொ, ழி, ஞ், சா, ம், பா, றை என்று ஏழு.

கணினியிடம் கொடுத்தால் அதே ஊர்ப் பெயருக்கு 14 என்று சொல்லும். கணினி க என்ற எழுத்தையும் அதன்மேல் ஏறும் குறியையும் தனித்தனியாக எண்ணுகிறது. மெய்யின் புள்ளியையும் ஓர் எண்ணாகப் போடுகிறது. சில இடங்களில் கொம்பும் காலும் தனித்தனியாகத் தட்டச்சாகியிருக்கும். அப்போது அதே பெயருக்கு 15 வரும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். ஆகவே விரிதாளில் நீளம் கேட்டு வரும் எண்ணை அப்படியே ஆய்வேட்டில் போட்டுவிடாதீர்கள். துணைக்குறிகளையும் புள்ளிகளையும் நீக்கிவிட்டு எண்ணச் செய்தால் மிஞ்சுவதுதான் எழுத்தின் எண்ணிக்கை. 'மூலத்தறைக்கு' என்பதற்கு 12 போய் 7 வந்தால் உங்கள் கணக்கு சரியாக ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

பழைய மின்பதிப்புகளில் இருந்து நகல் எடுத்தால் தமிழே வராமல் கண்டபடி குறிகள் வரலாம். ஒருங்குறிக்கு (யூனிகோடு) முந்திய எழுத்துருக்களின் வேலை அது. மாற்றி எடுக்க மென்பொருள் உண்டு. சில பக்கங்கள்தான் என்றால் உட்கார்ந்து கையால் எண்ணுவது விரைவில் முடியும்.

முற்றுப்புள்ளி என்னும் தொல்லை

வாக்கியம் புள்ளியில் முடியும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் பத்திரிகையில் புள்ளியெல்லாம் வாக்கியத்தின் முடிவு இல்லை. ஒரு வரியைப் பாருங்கள்:

மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் கேரளத்துக்குத் தர வேண்டும்.

மேலே சொன்ன ஒப்பந்தத்தில் இருக்கும் அளவுதான் இது. இதில் ஐந்து புள்ளிகள். அவற்றில் ஒன்றுதான் வாக்கியத்தை முடிக்கிறது. கணினியைப் புள்ளிக்குப் புள்ளி வெட்டச் சொன்னால் ஒரே வாக்கியம் ஐந்து துண்டாகும். சராசரி நீளம் தரைக்கு வந்துவிடும். ரூ., எம்.எல்.ஏ., பெயரின் முன்னெழுத்து, காலை 10.30 மணி என்று பத்திரிகையின் பாதிப் பக்கம் இப்படித்தான் புள்ளியாக இருக்கிறது.

இதில் பத்திரிகைக்குப் பத்திரிகை வழக்கம் வேறு என்பதுதான் ஒப்பீட்டுக்கு ஆபத்து. தினத்தந்தி 'தி.மு.க.' என்று புள்ளி வைத்து எழுதும். தினமணியிலும் இந்து தமிழிலும் 'திமுக' என்று புள்ளியில்லாமல் வரும். தினமலரோ புள்ளிக்குப் பின் காற்புள்ளியும் போட்டு 'தி.மு.க.,' என்று எழுதும். புள்ளியை மட்டும் நம்பினால், கட்சிச் செய்தி அதிகம் உள்ள நாளில் தினத்தந்தியின் வாக்கியம் இன்னும் சின்னதாகிப் போகும். தினத்தந்தி எளிது என்று நிரூபிக்கக் கிளம்பியவர் மகிழ்ந்துபோவார்; நிரூபணம் பொய்.

கையால் எண்ணுபவர் வினைமுற்றைத் தேடினால் போதும். வினைமுற்றோ, பெயரையே பயனிலையாகக் கொண்ட முடிவோ வந்து, அதன்பின் புள்ளியும் இருந்தால் அங்கே ஒரு சாய்கோடு போடுங்கள். கணினியில் செய்பவர் முதலில் சுருக்கங்களில் உள்ள புள்ளிகளையும் எண்களுக்கு இடையில் உள்ள புள்ளிகளையும் வேறு குறியாக மாற்றிவிட்டுப் பிறகு வெட்டலாம்.

பேச்சைச் செய்தியாக எழுதும்போது இன்னொரு கேள்வி எழும். 'அவர் பேசியதாவது:-' என்று தொடங்கி, நேராக அவருடைய வாக்கியங்களைத் தனித்தனியாகப் போட்டு, 'இவ்வாறு அவர் பேசினார்' என்று முடிப்பது ஒரு முறை. 'என்றார் அவர்' என்று கடைசியில் முடித்து, முழுவதையும் அதற்குள் அடக்குவது இன்னொரு முறை. முதல் முறையில் வாக்கியங்கள் தாமாகவே சின்னதாக இருக்கும். அளவு வேறுபட்டால் பத்திரிகையின் நடை காரணமா, பேச்சைப் பதிவுசெய்யும் இந்தச் சட்டகம் காரணமா என்று பிரித்துப் பார்க்க, பேச்சுச் செய்திகளை மட்டும் தனிப் பட்டியலாக வையுங்கள்.

எண்ணி எழுதுவது

நோட்டில் ஒரு வாக்கியத்துக்கு ஒரு வரி. பத்திரிகை, நாள், பக்கம், செய்தி வகை, சொல் எண்ணிக்கை, எழுத்து எண்ணிக்கை. இதற்குமேல் கட்டம் வேண்டாம். எல்லாம் முடிந்தபின் வாக்கியத்துக்கு எழுத்து, வாக்கியத்துக்குச் சொல், சொல்லுக்கு எழுத்து என்று மூன்று சராசரி எடுங்கள்.

சராசரியோடு நின்றுவிடக் கூடாது. உள்ளூர் விழாச் செய்தி ஒன்று மாட்டினால் போதும்: ஊராட்சித் தலைவர் தொடங்கி விழாக் குழுவின் கடைசி உறுப்பினர் வரை பெயர் பெயராக வந்து, 'உள்ளிட்டோர் கலந்து கொண்டனர்' என்று ஒரே வாக்கியம் அரைப் பத்தி ஓடும். பெயர் வந்தவர்கள் எல்லாரும் அன்று பத்திரிகை வாங்குவார்கள் என்பது நிருபருக்குத் தெரியும். உங்கள் கணக்கைப் பற்றி அவருக்கு என்ன கவலை? இப்படி ஒரு வாக்கியம் முப்பது வாக்கியங்களின் சராசரியைத் தூக்கிவிடும். நீளவாரியாக வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் எண் எது என்றும் பாருங்கள். சராசரிக்கும் நடு எண்ணுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் அந்தப் பத்திரிகையில் சில நெடும் வாக்கியங்கள் ஒளிந்திருக்கின்றன என்று பொருள்.

நீளம் வேறு, கடினம் வேறு

எண்கள் கையில் வந்ததும் நீளமானது கடினமானது என்று எழுதிவிடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். இந்த இரண்டு வாக்கியங்களையும் ஒருமுறை உரக்கப் படியுங்கள்.

பொள்ளாச்சிக்குப் புறப்பட்ட பஸ் நடுவழியில் பழுதாகி நின்றதால் பயணிகள் இறங்கி, வெயிலில் காத்திருந்து, பின்னால் வந்த பஸ்சில் ஏறி ஊர் போய்ச் சேர்ந்தனர்.

பொள்ளாச்சிக்குப் புறப்பட்டு நடுவழியில் பழுதாகி நின்ற பஸ்சில் இருந்து இறங்கி வெயிலில் காத்திருந்த பயணிகளைப் பின்னால் வந்த பஸ் ஏற்றிக்கொண்டு ஊர் சேர்த்தது.

இரண்டிலும் பதினேழு சொற்கள். முதலாவது நடந்த வரிசையிலேயே போகிறது. வினையெச்சங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன, எங்கே நிறுத்தினாலும் அதுவரை புரிந்திருக்கும். இரண்டாவதில் எழுவாயான பஸ் பதினான்காவது சொல்லாகத்தான் வருகிறது. அதுவரை இறங்கியது யார், காத்திருந்தது யார் என்று மனதில் தூக்கிக்கொண்டே படிக்க வேண்டும். பெயரெச்சத் தொடரைப் பெயருக்கு முன்னால் அடுக்கும் இந்தக் கட்டமைப்புத்தான் தமிழ் வாசகரைக் களைப்படையச் செய்கிறது. தமிழில் வினைமுற்று கடைசியில் நிற்பதால் இது எளிதில் நேர்ந்துவிடும். ஆகவே நோட்டில் இன்னும் ஒரு கட்டம் போட்டு, எழுவாய் எத்தனையாவது சொல்லாக வருகிறது என்று குறித்துவைத்தால், வெறும் நீளத்தைவிடப் பயனுள்ள தகவல் கிடைக்கும். எழுவாயே சொல்லாமல் விட்ட வாக்கியங்களில் அந்தக் கட்டத்தைக் காலியாக விடலாம்.

ஆங்கிலத்துக்கு என்று ருடால்ஃப் ஃபிளெஷ் 1948இல் வெளியிட்ட எளிமைச் சூத்திரம் இணையக் கருவிகளில் பரவலாகக் கிடைக்கிறது. 206.835இல் இருந்து, வாக்கியத்துக்கான சொற்களை 1.015ஆல் பெருக்கியும், சொல்லுக்கான ஒலியசைகளை 84.6ஆல் பெருக்கியும் கழிக்க வேண்டும். விடை நூறை நெருங்கினால் மிக எளிது, பூச்சியத்தை நெருங்கினால் மிகக் கடினம். தமிழ் வாக்கியத்துக்குப் பன்னிரண்டு சொல், சொல்லுக்கு நான்கு ஒலியசை என்று வைத்துப் போட்டால் விடை ஏறக்குறைய −144. பூச்சியத்துக்குக் கீழே நூற்று நாற்பத்து நான்கு! அந்தக் கணக்குப்படி தமிழ்நாட்டில் ஒருவரும் பத்திரிகை படிக்க முடியாது. வேற்றுமை, காலம், பால் எல்லாவற்றையும் சொல்லோடு ஒட்டிவைக்கும் மொழிக்கு அந்தச் சூத்திரம் உண்டாக்கப்படவில்லை. கருவி எண் கொடுக்கிறதே என்று ஆய்வேட்டில் சேர்க்காதீர்கள்.

மலையாளத்தோடு ஒப்பிடுவது

இங்கே இருப்பவர்களுக்கு இயல்பாக எழும் ஆசை, மனோரமாவையும் தினத்தந்தியையும் நேருக்கு நேர் நிறுத்துவது. நேராக ஒப்பிட முடியாது. மலையாளத்திலும் சொற்கள் ஒட்டிக்கொள்ளும், ஆனால் ஒட்டும் இடங்கள் வேறு. எழுத்துக் கணக்கும் வேறு: பாலக்காடு என்பதைத் தமிழில் பா, ல, க், கா, டு என்று ஐந்தாக எண்ணுகிறோம், மலையாளத்தில் 'க்கா' ஒரே கூட்டெழுத்து, ஆக நான்கு. ஊரின் பெயரிலேயே ஒன்று குறைந்தால் ஒரு பக்கத்துக்கு எவ்வளவு குறையும் என்று யோசித்துப் பாருங்கள்.

செய்யக்கூடியது இது: தமிழுக்குள் தலையங்க வாக்கியம் குற்றச் செய்தி வாக்கியத்தைப் போல எத்தனை மடங்கு என்று பாருங்கள். மலையாளத்துக்குள்ளும் அதே மடங்கைத் தனியாகக் கணக்கிடுங்கள். பிறகு இரண்டு மடங்குகளையும் ஒப்பிடுங்கள். அப்போது மொழியின் வேறுபாடு விலகி, பத்திரிகை மேசையின் வழக்கம் மட்டும் எதிரெதிரே நிற்கும்.

மலையாளம் பேசத் தெரிந்து படிக்கத் தெரியாதவர்கள் இந்தப் பக்கம் நிறைய உண்டு. அவர்கள் மலையாளப் பள்ளியில் படித்த நண்பரை உடன் வைத்துக்கொண்டு எண்ணலாம். அப்படிச் செய்தால் இருவரும் ஒரே பத்து வாக்கியங்களைத் தனித்தனியாக எண்ணிப் பார்த்து, விடை ஒத்துவருகிறதா என்று சரிபார்த்த பிறகு மீதியைத் தொடங்குங்கள். தமிழில் இருவர் சேர்ந்து எண்ணும்போதும் இதே சோதனை வேண்டும். எண்ணிக்கை ஒத்துவராத வாக்கியம் ஒவ்வொன்றும், முதல் பக்கத்து விதியில் எந்த இடம் தெளிவாக இல்லை என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆய்வேட்டில் விதிகளை முழுமையாக முதலில் அச்சிடுங்கள், எண்களை அதன்பின் கொடுங்கள். பத்திரிகைக்கு ஒன்றாக மூன்று மாதிரி வாக்கியங்களை, எண்ணிய விதத்தோடு, பின்னிணைப்பாகச் சேருங்கள். வாய்மொழித் தேர்வுக்கு வருபவர் அந்தப் பக்கத்தில் பென்சிலை வைத்து எண்ணிப் பார்க்கத்தான் செய்வார்.